புழு தின்ற பலகை

இத்தாலியின் பிராத்தோ ஊரில் பழந்துணியைப் பிரித்து நூலாக்கும் ஆலைகள்தான் எல்லாருக்கும் படியளந்தன. ஒர்னெல்லாவின் அப்பாவும் ஆலைக்காரர்தான். மகள் ஃப்ளாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும், காப்பிக் கடையில் சித்தப்பா சௌரோ எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார்.

"சாமிப் படத்துல இருக்கற ரொட்டியப் பிச்சுத் திங்கப் போறியாம்மா?"

"உங்க வீட்டு ரொட்டியவிட அதுல உப்பு அதிகமா இருக்கும் சித்தப்பா" என்றாள் அவள். அந்தப் பக்கத்தில் ரொட்டிக்கு உப்பே போட மாட்டார்கள்.

படிப்பு அவளுக்குப் பிடிபட்டது. மற்றவர்கள் ஆண்டுகளையும் பெயர்களையும் உருப்போட்டபோது இவள் பார்க்கக் கற்றுக்கொண்டாள். மலைக் கிராமத்துக் கோயில் ஒன்றில் மாதா படம். நகரத்து அருங்காட்சியகத்தில் ஒரு துறவியின் படம். இரண்டையும் வரைந்தவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்றுதான் எல்லாரும் எழுதி வைத்திருந்தார்கள். காது மடல் திரும்பும் விதம், விரல் நகத்தின் ஓரத்தில் விழும் நிழல் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இரண்டும் ஒரே கை வரைந்தவை என்று தன் பட்ட ஆய்வில் நிறுவினாள்.

அவளுக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் பங்கிராட்ஸி. பக்குவமில்லாத ஆய்வு என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். அடுத்த ஆண்டே அந்தக் காதையும் நகத்தையும் தன் கண்டுபிடிப்பாகப் புத்தகம் போட்டார். முன்னுரையில்கூட இவள் பெயர் இல்லை. துறை வராந்தாவில் அவரை மறித்துக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை.

"கண்டது நீயா இருக்கலாம்மா. ஆனா ஆலைக்காரன் மக சொன்னா யாரு காது குடுப்பா? நான் சொன்னதால அந்தப் படத்துக்கு ஒரு மரியாதை வந்துச்சு. அத நெனச்சு சந்தோஷப்படு."

அவள் கேட்டிருந்த முனைவர் பட்ட இடமும் வேறொருவனுக்குப் போனது.

பிறகு அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்னென்ன வேலை பார்க்க முடியுமோ அத்தனையும் பார்த்தாள். குடையை உயர்த்திப் பிடித்துச் சுற்றுலாக் கூட்டத்தை நடத்திப் போனாள். அருங்காட்சியகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படத்தைத் தொட வருகிறவர்களை அதட்டினாள். லீவில் போன ஆசிரியைகளுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடங்களில் பாடம் எடுத்தாள். எங்கிருந்தாலும் பங்கிராட்ஸி எழுதுவதை ஒன்று விடாமல் வாசித்தாள். பாராட்டுவதற்காக அல்ல.

கூடப் படித்த தித்ஸியானா மிலானில் அப்பாவின் ஏலக் கூடத்தை ஏற்று நடத்த வந்தபோது இவளையும் அழைத்துக்கொண்டாள். படத்தின் முகத்தை மட்டுமல்ல, முதுகையும் பார்க்க வேண்டும் என்பதை ஒர்னெல்லா அங்கேதான் கற்றாள். ஆணி, பலகையின் வெட்டு, புழு போன வழி. சில ஆண்டுகளில் பழைய ஓவியப் பிரிவு முழுக்க அவள் பொறுப்புக்கு வந்தது.

ஒருநாள் ஒரு வியாபாரி மாதா படம் ஒன்றைக் கொண்டுவந்தான். பங்கிராட்ஸி தன் புத்தகத்தில் புகழ்ந்த அதே ஓவியனின் காணாமல்போன படம் இது என்று அவரே கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். ஒர்னெல்லா எக்ஸ்ரே எடுத்தாள். பழைய மரத்தில் புழு குடைந்த பாதைகள் வண்ணத்துக்கு அடியில் நீளவாக்கில் திறந்து கிடந்தன. மேலே பசைமாவு வைத்து அடைத்திருந்தார்கள். புழு மரத்துக்கு உள்ளேதான் குடையும்; பாதை திறந்து கிடந்தால், புழு தின்ற பிறகு மரத்தை அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். எவனோ பழைய உத்தரத்தை அறுத்து அதன்மேல் புதிதாக வரைந்திருக்கிறான்.

ஒரு போன் செய்தால் போதும், கிழவர் தன் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார். அவள் செய்யவில்லை. தித்ஸியானாவிடமும் மூச்சு விடவில்லை. ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளன்று படத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவருக்கு மரியாதையாக அழைப்பு அனுப்பினாள்.

நிருபர்கள், சேகரிப்பாளர்கள், அவருடைய பழைய மாணவர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. தன் கண் ஒருநாளும் தன்னை ஏமாற்றியதில்லை என்று பங்கிராட்ஸி உருகி உருகிப் பேசினார். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து ஒர்னெல்லா எக்ஸ்ரேயைத் திரையில் போட்டாள்.

"இந்தப் பலகைய மொதல்ல புழு தின்னுருக்கு. ஓவியர் அதுக்கப்புறம்தான் வந்துருக்கார்" என்றாள்.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது.

எல்லாரும் போன பின் பங்கிராட்ஸி மேலங்கியைக் கையில் பிடித்தபடி அவள் முன் வந்து நின்றார்.

"முன்னாடியே எங்கிட்ட சொல்லிருக்கலாமே."

"சொல்லிருக்கலாம். சொல்லலாமான்னு யோசிச்சும் பாத்தேன் புரொபசர். மனசு வரல."

தித்ஸியானா அவளைக் காய்ச்சி எடுத்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பத்திரிகைகளில் வந்தபின் கூடத்துக்கு வாடிக்கையாளர்கள் கூடவே செய்தார்கள். பங்கிராட்ஸியை அதன்பின் யாரும் பேசக் கூப்பிடவில்லை.

ஒர்னெல்லா எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. அவர் சொன்ன எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளானபோது அந்தப் பழைய புத்தகமும் சேர்ந்து விழுந்தது. அருங்காட்சியகத்தில் துறவி படத்தின் கீழே அந்தப் புத்தகத்தை நம்பி எழுதியிருந்த ஓவியன் பெயரை எடுத்துவிட்டு, 'வரைந்தவர் தெரியவில்லை' என்று எழுதி வைத்தார்கள். அவள் இளமையில் கண்ட உண்மை, அவளே தள்ளிவிட்ட சுவருக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்த தன் ஆய்வை எடுத்துக்கொண்டு அருங்காட்சியக இயக்குநர் அம்மாளைப் போய்ப் பார்த்தாள். அவர் நிதானமாகப் படித்தார், ஒப்புக்கொண்டார். முதலில் கண்டவர் நீங்கள், அச்சில் முதலில் சொன்னவர் பங்கிராட்ஸி. இருவர் பெயரையும் போட்டு ஓவியனின் பெயரைத் திரும்ப எழுதிவிடலாம் என்றார். அது நியாயமான பேச்சுதான் என்று ஒர்னெல்லாவுக்கும் தெரிந்தது.

"அவர் பேரு வேண்டாம்" என்றாள்.

"அப்ப உங்க பேரையும் போட முடியாதும்மா. அந்த ஓவியனும் பேரில்லாமதான் நிப்பான்."

"நிக்கட்டும்."

இயக்குநர் யோசித்துச் சொல்லும்படி அவகாசம் கொடுத்தார். ஒர்னெல்லா ஆய்வை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பிராத்தோ ரயிலைப் பிடித்தாள். பங்கிராட்ஸி இறந்த செய்தி வந்த ஆண்டிலும் அந்தப் பதிலை அவள் மாற்றவில்லை.