விருத்திகெட்டவள்

ஊரிலிருப்பவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். இங்கே மெல்பர்னில் பிள்ளையைக் காலையில் குளிப்பாட்டிக் காப்பகத்துக்கு அனுப்பினால், மாலையில் சேறும் சகதியுமாகத் திருப்பித் தருவார்கள். அதற்கென்றே முற்றத்தில் மண்ணைக் குழைத்து வைத்திருக்கிறார்கள். ஒருநாள், ஆசிரியை ஹெலன் என் நாலு வயது மகள் நிலாவை என்னிடம் ஒப்படைக்கும்போது, "லிட்டில் கிரப்" என்று சிரித்தார். கைப்பேசியில் அர்த்தம் தேடினேன். புழு என்றிருந்தது. கறுத்த பிள்ளை என்பதால் சொன்னாரோ என்று மனசு கொதித்தது. மறுநாள் காலையிலேயே போய், என் மகளை இனி அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றேன். ஹெலனின் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார்; வேறெதுவும் சொல்லவில்லை.

அதன்பின் நிலா கசங்காத சட்டையோடு வந்தாள். ஹெலன் அவளை முழுப்பெயர் சொல்லி அனுப்பிவைத்தார். நாலாம் நாள் காரில் ஏறியதும் நிலா கேட்டாள்.

"அம்மா, ஹெலனுக்கு எனக்க மேல பிணக்கமா?"

கோயம்புத்தூரில் நர்சிங் படித்த காலம் நினைவுக்கு வந்தது. விடுதியில் கட்டில் முழுக்கத் துணியைப் பரப்பி வைத்திருந்த ஈரோட்டுத் தோழியை, ஒருநாள் செல்லமாக "விருத்திகெட்டவளே" என்றேன். அழுதுவிட்டாள். அவள் ஊரில் விருத்தி என்றால் குடும்பம் பெருகுவது. நான் சாபம் விட்டதாக நினைத்திருக்கிறாள். எங்கள் இரணியல் பக்கம் விருத்தி என்றால் சுத்தம், அவ்வளவுதான். வயலில் புரண்டுவிட்டு வரும் என்னை, "ஏட்டி விருத்திகெட்டவளே, இஞ்ச வா" என்று அம்மா பிடித்திழுத்துத் துவர்த்துத் துண்டால் தலை துவட்டுவாள். அந்தச் சொல்லை அவள் எட்ட நின்று சொன்னதே இல்லை.

மறுநாள் ஹெலனிடம் இதையெல்லாம் திக்கித் திணறிச் சொன்னேன். அழுக்குப் பண்ணிக்கொண்டு வரும் பிள்ளையை இங்கே கிரப் என்பார்களாம். அவரையும் அவர் அம்மா அப்படித்தான் கூப்பிட்டாராம். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்களுக்கு வலித்துவிட்டது. அதற்குப் பிறகு அர்த்தம் சொல்லி என்ன செய்ய?" என்றார்.

பழையபடியே கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அன்று மாலை நிலா தலைமுதல் கால்வரை சேற்றோடு ஓடிவந்து, என் ஆஸ்பத்திரிச் சீருடையைக் கட்டிக்கொண்டு இடுப்பில் ஏறினாள். இரண்டு சொல்லும் ஒன்றாக நாக்கில் வந்து நின்றன. எதைச் சொல்லித் திட்டுவதென்று தெரியவில்லை. அவளை இறக்கிவிடவும் மனசில்லை. கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி அப்படியே நின்றேன்.