முள் காட்டிய சத்தம்

காய்ச்சல் போகும்போது என் காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இடது காது முழுக்கப் போயிற்று. வலது காதில், பக்கத்தில் வந்து உரக்கப் பேசினால் கேட்கும். ஊர்ப்பேச்சு கேட்காததில் எனக்கொன்றும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் நான் வண்டி ஓட்டிப் பிழைப்பவன். உலகச் சண்டைக்கு முன்பு வாங்கிய குட்டி லாரி, பின்னால் திறந்த தொட்டி. கொட்டிவாக்கத்துத் தோப்புகளிலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிவந்து மயிலாப்பூர் வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போடுவேன்.

அந்தக் காலத்து கியரைக் காதால்தான் மாற்ற வேண்டும். எஞ்சின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துவரும் நேரம் பார்த்துத் தள்ளாவிட்டால் பல்லோடு பல் மோதிக் கடைசியில் கியர்பெட்டி நொறுங்கும். அதிர்வை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். அந்த லாரி நின்றுகொண்டிருக்கும்போதே ஆளை உச்சி முதல் பாதம் வரை உலுக்கும். அதில் எந்த அதிர்வை எதற்கென்று பிரிப்பது? என் மைத்துனர் வண்டியை விற்றுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பியூனாகப் போகச் சொன்னார். மணி சரியாக அடித்ததா என்று கேட்கக்கூட முடியாதவனுக்கு மணி அடிக்கும் வேலை. அவர் மூளை அப்படி.

என் மனைவிதான் ஒரு வழி பண்ணினாள். என் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, எஞ்சின் சத்தம் மாறும்போது தோளில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் மேல் கியர், இரண்டு தட்டினால் கீழ் கியர். வண்டி பழையபடி ஓடியது. பெண்டாட்டி அடித்தால்தான் ஓட்டுகிறான் என்று எங்கள் சாந்தோமில் கோயிலுக்கு வருபவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். கேலியை விடுங்கள். வெயிலிலும் புழுதியிலும் கூட வந்துவிட்டு, வீட்டுக்குப் போய் அவள் உலை வைக்க வேண்டும். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. எப்படியாவது தனியாக ஓட்டிவிட வேண்டும் என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டது.

சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்த சமயம். சைதாப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த பாய், ஏலத்தில் எடுத்த குவியலிலிருந்து ஒரு வட்ட மீட்டரைக் காட்டினார். ஆகாய விமானத்தில் இருந்ததாம். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று முள் காட்டுமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதுக்குத் தெரிய வேண்டியதைக் கண்ணுக்குக் காட்டும் சாமான் உலகத்தில் இருக்கிறதா?

என் எஞ்சினில் அதை மாட்ட இடமில்லை. டைனமோவின் முனையில் ஒரு மரை வெட்டி, குழாய்க்குள் சுழலும் கம்பியை அங்கே பொருத்தினார் பாய். முடுக்கிவிட்டதும் முள் ஒரேயடியாக மேலே போய் நின்றது. பாய் என் வலது காதருகே குனிந்தார்.

“இந்தக் கணக்குப்படி உன் லாரி இப்போ மானத்துல பறந்துகினு இருக்கணும், நைனா.”

டைனமோ எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும் என்பது மாட்டிய பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. எல்லாவற்றையும் கழற்றி வேறு பல்சக்கரம் கடைந்து போடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். எண் எனக்கு எதற்கு? அவள் எப்போது தட்டுகிறாள் என்று தெரிந்தால் போதும்.

அவளை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினேன். அவள் தட்டும்போதெல்லாம் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மீட்டர் கண்ணாடிமேல் தீக்குச்சியால் சிவப்புச் சாயம் தொட்டு வைத்தேன். மறுபடி ஓட்டினால் அதே புள்ளி. மறுநாளும் அதே புள்ளி. முள்ளை ஏறிட்டும் பார்க்காமல் எப்படித்தான் தட்டினாளோ, எனக்குப் புல்லரித்தது. கட்டை ஏற்றிக்கொண்டு அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது மட்டும் புள்ளிக்கு முன்பே இரண்டு தட்டு விழுந்தது. பிடித்துவிட்டேன் அவள் தப்பை என்று, வீட்டுக்கு வந்து இறங்கியதும் சந்தோஷமாகக் கேட்டேன். பாரம் இருந்தால் அது திணறுவதற்கு முன்பே மாற்ற வேண்டாமா என்று திருப்பிக் கேட்டாள். அதற்கும் தனியாக ஒரு புள்ளி வைத்தேன்.

பிறகு ஒருநாள் தனியாகப் போனேன். முள்ளையும் புள்ளியையும் பார்த்துப் பார்த்தே பாலம் ஏறி இறங்கி, முழுப் பாரத்தோடு திரும்பி வந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. வழிநெடுக எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அவள் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டுவிட்டு என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“இனிமே நான் வர வேணாம், இல்ல?”

வீட்டில் ஓய்வாக இரு என்றேன்.

“யாரு கேட்டாங்க ஓய்வு? கட்டிகினு வந்ததுலேர்ந்து இந்த வீடும் கோயிலும்தான். அந்த சீட்ல குந்திகினுதான் நான் ஊரையே பார்த்தேன்.”

அவளுக்காகத்தான் இத்தனையும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். சரி, நாளையிலிருந்து நீயும் வா என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

“சும்மா வர்றதுக்கா? காது எனக்கு நல்லாத்தான் கீது. காலு இன்னா பண்ணணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க.”

கொட்டிவாக்கத்து மணல் தடத்தில் இடம் மாறி உட்கார்ந்தோம். லைசென்ஸ் கேட்க அங்கே மாடுகளைத் தவிர யாருமில்லை. முதலில் வண்டி துள்ளியது, நின்றது, மறுபடி துள்ளியது. போகப் போகக் கை பழகிவிட்டது. கை பழகியதும் அவள் பேசத் தொடங்கினாள். தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் இன்றைக்கு என்ன நிறம், எதிரே வரும் மாட்டுக்கு எந்தக் கொம்பு உடைந்திருக்கிறது, ஒன்று விடவில்லை. என் வலது காது இப்போது அவள் பக்கம் இருந்தது. வண்டிக்குள் அவள் குரலை நான் கேட்டது அன்றுதான். ரொம்பப் பேசுகிறாயே என்றேன்.

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: “தினம் இப்படித்தான் பேசிகினு வந்தேன். நீங்கதான் ஒரு நாளும் பதில் சொல்லல.”