இந்திராணி அக்காவின் கடையும் என் வயிற்றெரிச்சலும்

இந்திராணி அக்கா இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் அவருடைய வாடிக்கையாளர்தான். எங்கள் மலையிலேயே ஆலத்தூர் நாட்டுப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தார். புதுக் கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு, செம்மேடு பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருக்கும் என் கடை வாசலில் நின்றார். "ஏனுங்க, இந்திராணியக்கா கடை பூட்டியிருக்குதுங்க. விடிகாலையில நெஞ்சு வலி வந்து தவறிட்டாங்களாமுங்க. அதான் வேற வழியில்லாம உங்ககிட்ட வந்தேனுங்க" என்றார். வேற வழியில்லாம! சாவுச் செய்தியிலும் எனக்கு ஒரு குட்டு. அக்காவுக்காக அழுவதா, அந்தச் சொல்லுக்காக அழுவதா என்று தெரியாமல் கடையைச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தேன்.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவர் எவ்வளவு நல்லவர் என்று பேசி முடித்துவிட்டீர்கள். நான் என் பொறாமையைப் பற்றிப் பேசுகிறேன். ஒரே ரோட்டில் எதிரெதிரே எங்கள் இரண்டு கம்ப்யூட்டர் கடைகள். நாமக்கல்லில் ஒரே கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தோம். அவருக்குத் தெரிந்தது அத்தனையும் எனக்கும் தெரியும். சொல்லப்போனால் என் கைதான் வேகம். ஆனால் கூட்டம் எப்போதும் அங்கேதான். இத்தனைக்கும் அவர் என்னைவிட ஒரு வயதுகூட மூத்தவர் இல்லை. அதற்குள் ஊர் முழுக்க "அக்கா". நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். அவரும் கொஞ்சமும் கூசாமல் என்னைக் "கண்ணு" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அம்மா எங்கள் ஊர்ச் சிறுதானியக் குழுவின் தலைவி. குழுவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதன் டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டிப் பார்த்தால், குழுவின் படங்கள் இருந்த ஃபோல்டர் திறக்கவில்லை. உங்களுக்கு அனுமதி இல்லை என்று திரை சொல்லிவிட்டது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். மிளகு மூட்டையை நாம் உள்ளறையில்தானே வைப்போம்? குழுவில் யாரோ ஒரு புண்ணியவதி அதே நினைப்பில், படங்களையும் கம்ப்யூட்டரின் உள்ளறையில் வைத்திருக்கிறார். அதாவது, இயந்திரம் தன் சொந்த வேலைக்கென்று வைத்திருக்கும் சிஸ்டம் ஃபோல்டருக்குள்! பழைய கம்ப்யூட்டரின் உள்ளறை புதியதற்கு லேசில் திறக்குமா? அம்மா கொதித்துப் போனார். "காசு குடுத்து வாங்குனது நாம. நம்மள உள்ள உடமாட்டேன்னு சொல்றதுக்கு இது ஆரு?" என்று கத்தினாராம். கத்தியவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கே போனார் தெரியுமா? இந்திராணி கடைக்கு.

நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். "ஏம்மா, பெத்த புள்ள எதுத்தாப்புல கடை வெச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"நீ வள்ளுனு உழுவ சாமி. இந்தப் புள்ள உக்கார வெச்சுச் சொல்லுது" என்றார் அம்மா, நாற்காலியை விட்டு அசையாமல்.

உக்கார வெச்சு. அதுதான் அவர் வேலை செய்யும் விதம். சொந்தக்காரர் பக்கத்தில் உட்காராமல் எந்த ஃபோல்டரையும் திறக்க மாட்டார். நானாக இருந்தால் அம்மாவை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வருவதற்குள் முடித்திருப்பேன். அவர் ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி என்று ஒவ்வொன்றாகத் திறந்து, ஓனர் என்ற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "அம்மா, இது இன்னும் பழைய கம்ப்யூட்டரு பேருல இருக்குதுங்க. படம் இருக்கற ஃபோல்டர மட்டும் உங்க பேருக்கு மாத்திக்கலாமுங்க. மத்ததத் தொட வேண்டாம். உள்ள போலாமுங்களா?" அம்மா பெரிய மனுஷி மாதிரி யோசித்து, "போலாம் கண்ணு" என்ற பிறகுதான் மவுஸை அழுத்தினார். நம் மலையில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று "ஊட்டுல ஆருங்க?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் நுழைவோம். அவர் அதைக் கம்ப்யூட்டரிலும் செய்தார். எனக்கு அது பசப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் அம்மாவின் முகத்தில் இருந்த பெருமையை நான் ஒருநாளும் வரவழைத்ததில்லை. வயிறு எரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காப்பித் தோட்டக்காரர் ஒருவர் புது லேப்டாப் வாங்கி, வாங்கிய வேகத்தில் சினிமாவாக நிரப்பிவிட்டார். சிஸ்டம் ஃபோல்டரில் இருப்பதை அழித்தால் இடம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே விடவில்லை என்றதும் என்னிடம் வந்தார். அதை அழித்தால் லேப்டாப் எழுந்திருக்கவே எழுந்திருக்காது, திறந்து தர முடியாது என்று சொன்னேன். "தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லோணும் அம்மிணி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அக்காவும் முடியாது என்றுதான் சொன்னார். "அது அதோட ஊடுங்க. நாம விருந்தாடி. விருந்தாடி போயி சமையக்கட்டுல இருக்கற சட்டியெல்லாம் தூக்கி வெளிய வீசுனா நல்லா இருக்குங்களா?" மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதே பதில்! நான் சொன்னால் திமிர், அவர் சொன்னால் பக்குவம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரியத்துக்குச் சில நாட்கள் முன்பு அவர் கணவர் சின்னராசு அண்ணன் என் கடைக்கு வந்தார். மாலை போட்டு வைக்க அக்காவின் நல்ல படம் ஒன்றும் வீட்டில் இல்லை. சமீபத்தில்தான் அக்கா கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். ஊரார் கோப்புகளையெல்லாம் அதற்கு மாற்றி முடித்தவர், தன்னுடையதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய டிஸ்க்கிலேயே விட்டிருக்கிறார். "தொறக்க மாட்டேங்குது மல்லிகா. நீ வந்து பாரேன்" என்றார்.

இத்தனை வருடம் ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துப் பார்த்து நான் வெந்த அக்காவின் கடை நாற்காலியில் அன்றுதான் உட்கார்ந்தேன். பழைய டிஸ்க்கில் அக்காவின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அழுத்தினேன். அனுமதி இல்லை. திறக்கும் வழி எனக்குத் தெரியாதா? ஆனால் கை ஓடவில்லை. உள்ளே முழுவதையும் துழாவி, இந்த மனுஷியிடம் அப்படி என்னதான் இருந்தது என்று பார்த்துவிட வேண்டும் போலவும் இருந்தது. அண்ணனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். "உள்ள போலாமுங்களாண்ணா?"

"என்னயக் கேட்டா? அது அவளுதாச்சே." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போ சாமி. அவ ஒண்ணுஞ் சொல்ல மாட்டா."

ஓனரை மாற்றினேன். ஃபோல்டர் திறந்தது. செம்மேட்டுச் சந்தையில், யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்று முதலிலேயே இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பார்க்காமல் மூடினேன்.

அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவளா இருந்தா இன்னும் வெரசா எடுத்திருப்பா" என்றார்.

பொய். சத்தியமாகப் பொய். அவர் என்னைவிட மெதுவானவர் என்பது இந்தச் செம்மேட்டுக்கே தெரியும். நுனி நாக்கு வரை வந்துவிட்டது. "ஆமாங்கண்ணா, வெரசா எடுத்திருப்பாங்க" என்றேன்.

இப்போது கூட்டமெல்லாம் என் கடையில்தான். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. வருகிற ஒவ்வொருவரும் "அக்கா இருந்திருந்தா" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இன்னும் எரிகிறது. அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த எரிச்சல் ஒன்றுதான். இதை ஆற விடமாட்டேன்.