காது குத்துக்கு ஒரு விமானம்

இருளாண்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலப்பவர். மனைவி இல்லை. ஒரே மகள் பொன்மணி, கணவன் பட்டாசு குடோன் பார்க்கும் டெல்லியில் இருந்தாள். பேத்தி சினேகாவை அவர் போட்டோவில்தான் பார்த்திருந்தார்.

2008 ஆவணியில் பேத்திக்குக் காது குத்து. தாய்மாமன் இல்லாத பிள்ளை, அதனால் தாத்தா மடியில்தான் உட்கார வேண்டும் என்றாள் பொன்மணி. ரயிலில் போய்வர ஒரு வாரம் ஆகும். தீபாவளி சீசனில் அம்புட்டு லீவு யார் தருவார்கள்? விமான டிக்கெட் எடுத்து அனுப்பினாள்.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சில வருடங்களாகப் புதுப்புதுக் கம்பெனிகள் விமானம் விட்டன. விருதுநகர் மிளகாய் வியாபாரிகள் காலையில் சென்னை போய் ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். இனி விமானமும் பஸ் மாதிரிதான் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த வருடம் எரிபொருள் விலை ஏறியது, கூட்டம் குறைந்தது. சின்ன ஊர்களுக்குப் போன விமானங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். மருந்து ரூமுக்குள் இருப்பவருக்கு இதெல்லாம் எட்டவில்லை.

செல்போனும் உள்ளே ஆகாது. கேட்டில் வாட்ச்மேன் தங்கச்சாமியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது தங்கச்சாமி சிரித்தார்.

"ஏலே, ஒரு பொம்பள ரெண்டு மட்டம் உனக்குப் போன் போட்டா. ஒரே இங்கிலீசு. லோன் குடுக்கிறவளா இருக்கும். வேண்டாம்னு வச்சிட்டேன்."

"எனக்கு எவ லோன் குடுப்பா? மூஞ்சியப் பாக்கலைல்ல, அதான்."

மறுநாள் மதுரை விமான நிலையத்தில், கவுன்டர் இளைஞன் டிக்கெட்டைப் பார்த்தான்.

"இந்த ஃப்ளைட்டையே நிறுத்திட்டாங்க, ஐயா. நேத்தே உங்க நம்பருக்குச் சொன்னோமே. இன்னைக்கு மத்ததுல இடமில்ல. நாளைக்கு மத்தியானம் அனுப்புறோம்."

"நாளைக்குக் காலையில காது குத்து, தம்பி."

அவன் கம்ப்யூட்டரை மறுபடி தட்டிப் பார்த்தான். இல்லையென்று தலையை ஆட்டினான்.

காது குத்தும் காலையில் இருளாண்டி வேலைக்கே வந்துவிட்டார்.

"டெல்லி போகலையாலே?" என்றார் தங்கச்சாமி.

"பிளேன நிறுத்திட்டாக." முந்தாநாள் இங்கிலீசில் போன் செய்தது யார் என்று அவர் சொல்லவில்லை. "செத்த பொறு, ஒரு போன் வரும்."

வந்தது. பொன்மணி போனைப் பிள்ளையிடம் நீட்டியிருக்க வேண்டும். வீறிட்ட அழுகை. யாரோ ஒரு ஆண்குரல், "அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று தேற்றியது. அழுகை ஓயும்வரை இருளாண்டி காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

பிறகு அதைத் தங்கச்சாமியிடம் கொடுத்தார். ஆளில்லாத வீட்டில் வைத்துவிட்டு வர மனமில்லாமல் மடியில் கட்டிவந்த தங்கத்தோட்டையும் அவிழ்த்துக் கொடுத்தார். உலோகமும் உள்ளே ஆகாது.