பிரிக்காத பொட்டலம்

பூப்போட்ட காகிதத்தை நான்காவது தடவையாக மடித்துப் பார்த்தார் சோப்பக்கா. மூலை சரியாக வரவில்லை. "சீ, என்ன இது கோணல்மாணலா!" என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி பிரித்தார். தையல் மெஷினில் பாதி தைத்த சட்டை தொங்கியது. சட்டைக்குச் சொந்தக்காரர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போயாயிற்று. அதெல்லாம் இவர் காதில் ஏறாது.

பொட்டலத்துக்குள் சோப்பு, புது பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல், கீழே விரிக்க பிளாஸ்டிக் தாள். ரோடு ஏறாத மேட்டுக் குடியிருப்பில், ஆஸ்பத்திரி போய்ச் சேர வழியில்லாமல் வீட்டிலேயே பிள்ளை பெறுகிறவர்களுக்கு. இவரைப் போலப் பொட்டலம் கட்டித் தரும் மற்றத் தொண்டர்கள் பாலிதீன் உறையில் போட்டு ஒட்டுவதோடு சரி. அதற்கு மேல் பூக்காகிதமும் ரிப்பனும் இவருடைய கைங்கரியம். "அந்தப் பொண்ணுக்கு இதுவரைக்கும் யாரு என்னத்தக் குடுத்தா? பாத்ததும் மூஞ்சி மலர வேணாமா?"

எதிரே வருகிறவர்களை எல்லாம் "கை கழுவுனியா?" என்று கேட்பதால்தான் சோப்பக்கா. வீட்டுக்காரர் தட்டின் முன் உட்காருமுன்பே இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டிவிடுவார், பாவம்.

அன்று மதியம் புதுப் பொட்டலங்களோடு மேட்டுக்கு ஏறினார். பிள்ளை பிறந்திருந்த ஒரு வீட்டில் மாமியார்க்காரி வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். "இருங்கம்மா, ஒண்ணு காட்டறேன்" என்று ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து போன மாதம் இவர் கொடுத்த பொட்டலத்தை எடுத்தாள். ரிப்பன் முடிச்சுகூட அவிழவில்லை.

"ஒரு கசங்கல் உண்டா பாருங்க! இவ்ளோ அழகா இருக்கறத யாராச்சும் பிரிப்பாங்களா? பேரன் பெரியவனானதும் காட்டணும்னு வெச்சிருக்கேன்."

சோப்பக்கா பையைக் கீழே வைத்தார். "அப்ப... கொடிய எதால அறுத்தீங்க?"

"காய் நறுக்குற கத்திதான். முந்தானையால நல்லாத் தொடச்சுட்டேன்ல!"

உள்ளே மருமகள் அனலாய்க் கொதித்துக் கிடந்தாள். "பெத்த ஒடம்பு, சுடத்தானே செய்யும்" என்றாள் மாமியார்க்காரி. குழந்தையின் தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. சோப்பக்காவின் கண் ரிப்பன் முடிச்சுக்கே போயிற்று. ஐயோ, இந்த முடிச்சை நான்தானே போட்டேன், இந்தக் கையாலேதானே போட்டேன்!

நாலு பேர் கட்டிலோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். ரோட்டில் ஆட்டோ. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து, "நாளைக்குக் கொண்டாந்திருந்தா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. இப்ப தாயும் புள்ளையும் பொழச்சுக்குவாங்க" என்று சொல்லும்வரை சோப்பக்காவும் மாமியார்க்காரியும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மாமியார்க்காரி பொட்டலத்தை இன்னமும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். "இப்பவாச்சும் பிரிக்கட்டுமாம்மா?" என்றாள்.

சோப்பக்கா தன் பையை மடிக்கு இழுத்து, காலையில் கட்டியதில் ஒன்றை எடுத்தார். ரிப்பனைப் பல்லால் கடித்து இழுத்தார். பூக்காகிதத்தைப் பர்ரென்று கிழித்தார். வெறும் பாலிதீன் உறை வெளியே வந்ததும், அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.