கட்டாயம் என்று சொன்ன டாக்டர்

ஏழாம் மாதத்திலேயே என் மகள் பிறந்துவிட்டாள். எட்டு வருஷத்துக்கு முன்பு, திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரி. சாத்துக்குடி அளவே இருந்த தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைகளைத் தாளில் பதியும் சோதனை) என்றார்கள்.

அலைகள் சற்றுத் துடித்தன. பிறகு வெகுநேரம் தட்டையாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைக்கு அப்படி விட்டு விட்டு வருவது வழக்கம்தான். வாரங்கள் போகப்போக இடைவெளி குறைய வேண்டும். இவளுக்குக் குறையவில்லை.

மூன்று வாரம் கழித்து எடுத்த பதிவை டாக்டர் மேசையில் விரித்தார்.

"பிள்ளை நடக்காதும்மா. பேசவும் செய்யாது. கட்டாயம்."

தாளைப் பார்த்தே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

கூட நின்ற மதினி, என் கணவரின் அக்கா, வராந்தாவுக்கு வந்ததும் சொன்னாள்: "இது தேறாது. எங்க பொறுப்புன்னு எழுதிக் கொடுத்துட்டு நம்ம ஊருக்கு, முக்கூடலுக்குக் கொண்டு போயிருவோம். நடக்கது அங்கன நடக்கட்டும்."



"என் பிள்ளைக்கு நாள் குறிக்க நீங்க யாரு மதினி? இனிமே இங்கன வராதிய" என்றேன். அவள் வரவில்லை. நானும் அழைக்கவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: என்னை நிமிர்த்தி வைத்தது கோபம்தான். தினமும் அவள் கால்களை மடக்கி நீட்டினேன், கத்தினாலும் விடவில்லை. ஒன்றரை வயதில் உட்கார்ந்தாள். மூன்று வயதில் நடந்தாள், இடது காலை இழுத்துக்கொண்டு. முதலில் பேசிய சொல் "போ". என்னைத்தான் சொன்னாள்.

ஐந்து வயதில் அவளை அந்த டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் சொன்னது பொய் என்று காட்ட வேண்டும் எனக்கு. நடக்கவிட்டுப் பார்த்தார். தன் சட்டைப் பொத்தான்களை எண்ணச் சொன்னார். இரண்டுக்கு மேல் அவளுக்கு வரவில்லை.

"பாதிப்பு இருக்கு. ஆனா, அன்னைக்கு நான் கட்டாயம்னு சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"சொல்லிட்டியளே சார்."

எனக்கு மனம் இரங்கவில்லை. அந்தத் தாள் முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் அதிகம் எரிந்தது.

இப்போது திருநெல்வேலி டவுணில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். எழுத்து வருகிறது, கணக்கு வரவில்லை. ஒரு பக்கம் வாசித்து முடிப்பதற்குள் உலை கொதித்துவிடும். முன்பெல்லாம் விரட்டுவேன். இப்போது அடுப்பை அணைத்துவிட்டு உட்காருகிறேன். பஸ்ஸுக்கு ஓடுவதில்லை, அடுத்தது வரும்.

அவள் கையைப் பிடித்து நடந்து பழகி, படியேறும்போது என் இடது காலும் ஒரு கணம் தயங்கித்தான் எழும்புகிறது. டாக்டரிடம் காட்டு என்கிறார் கணவர். நான் காட்டப்போவதில்லை.