யாரும் எழுதாத அசைவு

கெலமங்கலத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்கு வந்துபோன ருக்மணிக்கு, இயந்திரக் கைக்குப் புரோகிராம் எழுதுவதுதான் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் அது புதுசு. தட்டிலிருந்து இரும்பு வளையத்தை எடுத்து அச்சுக்குள் வைக்கும் கை அது. அவளும் கூட வேலை பார்த்த சென்னப்பனும் ஒரே புரோகிராமைத் தனித்தனியே திருத்துவார்கள். இரண்டையும் கம்ப்யூட்டரே சேர்த்துவிடும். இருவரும் ஒரே வரியைத் தொட்டிருந்தால் மட்டும் முரண்டு பிடிக்கும்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. அந்த மிஷினில் வேலை பார்த்த செல்லி தட்டைத் துடைக்கக் குனிந்திருந்தபோது திரும்ப வந்தது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. கை மெல்லத் தன் இடத்துக்குப் போய் நின்றது. பிறகு அவளை நோக்கி நீண்டது. விரல்கள் வெறுங்காற்றைப் பிடித்தன, விரிந்தன, சற்று நகர்ந்து மறுபடி பிடித்தபோது அவள் முந்தானை சிக்கியது. அலறல் கேட்டு ருக்மணி ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். கை நின்றது, பிடித்த முந்தானையை மட்டும் விடவில்லை. கத்தரித்துத்தான் செல்லியை விடுவித்தார்கள்.

"அது என்னைத் தேடுச்சு மேடம். இந்தாண்ட நகர்ந்தா இந்தாண்ட வருது, அந்தாண்ட போனா அந்தாண்ட வருது."

மறுநாள் கையின் மணிக்கட்டில் யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள்.

ருக்மணி தன் திருத்தத்தைப் படித்தாள்: கரண்ட் வந்தால் கை தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். தப்பில்லை. சென்னப்பனுடையது: தன் இடத்தில் நிற்கும்போது எதிரே ஏதாவது தட்டுப்பட்டால் எடுக்க வேண்டும், பிடி தவறினால் நகர்ந்து மறுபடி பார்க்க வேண்டும். அதிலும் தப்பில்லை.

"தேடச் சொல்லி நான் எழுதலைங்க," என்றான் சென்னப்பன்.

"நானும் எழுதல."

ருக்மணி இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தாள்: கரண்ட் வந்ததும் கை தன் இடத்துக்குப் போகும், போனதும் எதிரே இருப்பதைப் பிடிக்கப் பார்க்கும். இருவரும் ஒரே வரியைத் தொடாததால் கம்ப்யூட்டரும் முரண்டு பிடிக்கவில்லை.

மேலாளர் அண்ணாதுரை கூப்பிட்டார். "இனிமே ஒருத்தர் முடிச்சப்புறம்தான் இன்னொருத்தர் தொடணும்."

"அப்பவும் முன்னாடி இருக்கிறதப் படிக்காம மேல எழுதுனா இதேதான் சார் நடக்கும்," என்றாள் ருக்மணி. "தனித்தனியா எழுதட்டும். சேர்க்கிறப்ப ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து முழுசாப் படிக்கணும். அப்புறம் தட்டுல ஒண்ணும் வைக்காம, ஆள் யாரையும் கிட்ட விடாம ஓட்டிப் பாக்கணும். அதுக்கு முன்னாடி மிஷினுக்குப் போகக் கூடாது."

"வேலை தாமதமாகும்மா."

"ஆவட்டும் சார்."

அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். செல்லி பேக்கிங்குக்கு மாற்றிக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அதன் பிறகு அந்தக் கை யாரையும் தொடவில்லை. ஆனால் சேர்த்த புரோகிராமைப் படிக்கும்போது ருக்மணியின் விரல் சில சமயம் ஒரு வரியில் நின்றுவிடும். "இது உங்களுதா?" என்பாள். சென்னப்பன் நெருங்கிவந்து பார்ப்பான். "உங்களுதுன்னுல்ல நெனச்சேன்" என்பான். யாருடையது என்று தெரியும்வரை இருவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.